வெனிஸுக்குக் கிளம்பிய ரைஸ் குக்கர்

ஃப்ரீமான்ட்டில் மௌரி அவென்யூ ஓரமாக நடந்துகொண்டிருந்தேன். தோளில் ஒரு பை. கையில் இன்னொன்று. சனிக்கிழமை சாயங்காலம், வெயில் இன்னும் இறங்கவில்லை.

இந்த ஊரில் நடைபாதைகள் அருமையாக இருக்கும். நடக்கத்தான் ஆள் கிடையாது. நாய் வைத்திருப்பவர்கள் நாய்க்காக நடப்பார்கள். சுகர் உள்ளவர்கள் டாக்டருக்காக நடப்பார்கள். இரண்டு பைகளோடு ஒருவன் நடந்தால்... ஒன்று, காரில் கோளாறு. இல்லை, வீட்டில் கோளாறு.

எனக்கு இரண்டாவது. அதுவும் என் வீடு இல்லை. நண்பன் சேகரின் வீடு.

ஒரு வெள்ளை வேன் பக்கத்தில் வந்து நின்றது. கண்ணாடி இறங்குவதற்கு முன்பே சாம்பார் வாசனை இறங்கிவிட்டது.

"என்னங்கண்ணா, கார் நின்னு போச்சுங்களா?"

ஓட்டிவந்த அம்மாவுக்கு ஐம்பது வயதிருக்கும். கரூர்ப் பக்கத்துப் பேச்சு. வேனின் பக்கவாட்டில் ஒரு வாழையிலைப் படமும் கேட்டரிங் என்ற எழுத்தும்.

"கார் இருந்தாத்தானேம்மா நிக்கும்?"

"அப்ப எங்க போறீங்க?"

"ரயில் ஸ்டேஷனுக்கு."

"அங்கேர்ந்து?"

"ரயில் வந்தா தெரியும்."

அந்த அம்மா என்னை ஏற இறங்கப் பார்த்தார். பின்கதவைக் காட்டினார். "பையை அந்த டிரே பக்கத்துல வையுங்க. ரசம் சிந்தாம பாத்துக்கங்க. ஏறுங்க."

ஏறிக்கொண்டேன். ஏறிய கையோடு அவர் கேட்டார்: "வீட்டுல சண்டையா?"

"ஆமாம்."

"எதுக்கு?"

"ஒரு ரைஸ் குக்கருக்காக."

அந்த அம்மாவிடம் சொன்னதை உங்களிடமும் சொல்லிவிடுகிறேன்.

வாராவாரம் இந்தப் பக்கத்தைப் புரட்டுகிறவர்களுக்கு என் ஜாதகம் தெரியும். ஒன்பதாம் வகுப்போடு பள்ளிக்கூடமும் நானும் பிரிந்துவிட்டோம். அதுவரை என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவன்தான் சேகர். அவன் பெஞ்சிலேயே இருந்தான். எஞ்சினீயர் ஆனான், அமெரிக்காவில் இந்த ஃப்ரீமான்ட்டுக்கு வந்தான். நான் எழுந்து போனவன்... லாரி, ஓட்டல், கப்பல் சமையலறை என்று ஊர் ஊராகப் போய்க்கொண்டே இருந்தேன். அக்கா தயவில் கிரீன் கார்டு கிடைத்து நியூ ஜெர்சிக்கு வந்தேன். அங்கே வேலை பார்த்த கிடங்கை மூடியபோது சேகர்தான் கூப்பிட்டான். "வாடா, நம்ம வீட்ல கொஞ்ச நாள் இருந்துட்டுப் போ."

நல்லவன். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இனிமேல் நான் சொல்லப்போவதில் அது அடிபட்டுப் போய்விடும்.

நான் போய்ச் சேர்ந்தபோது வீடு முழுக்க வெனிஸ். கோடை லீவுக்கு ஊருக்குப் போகிற வழியில் மூன்று நாள் அங்கே இறங்கிப் பார்த்துவிட்டுப் போவதாகத் திட்டம். சேகர், மனைவி சுதா, மகள் மாயா. மூன்று பேர், மூன்று நாள். இதற்கு எவ்வளவு யோசிக்க வேண்டும்?

குளிர்காலத்திலேயே ஆரம்பித்துவிட்டார்களாம். வெனிஸைப் பற்றி அத்தனை வீடியோக்களையும் சேகர் பார்த்து முடித்திருந்தான். எந்தப் பாலத்தில் எந்தப் பக்கம் நின்றால் வெளிச்சம் முகத்தில் விழும் என்பது அவனுக்குத் தெரியும். எந்தச் சந்தில் பாத்ரூம் இருக்கிறது, எந்தச் சந்தில் பர்ஸ் அடிப்பார்கள், எல்லாம் தெரியும். இவ்வளவு தெரிந்த பிறகு ஒருவன் எதற்காக அங்கே போக வேண்டும்? கேட்டேன்.

"போட்டோ எடுக்க வேணாமாடா?" என்றான்.

"அந்த ஊர் மூழ்கிட்டே இருக்காம். மூழ்கறதுக்குள்ள பாத்துடணும்" என்றும் சொன்னான். ஏதோ கல்யாண வீட்டில் பந்தி முடிவதற்குள் போய்விட வேண்டும் என்கிற மாதிரி.

இங்கே நம் ஆட்களிடம் ஒரு பேச்சு வழக்கம் உண்டு, கவனித்திருக்கிறீர்களா? பாரிஸ் முடிச்சாச்சு. ஸ்விஸ் முடிச்சாச்சு. இத்தாலிதான் பாக்கி. நாடுகளை முடிக்கிறார்கள்! ஸ்கூலில் போர்ஷன் முடித்தவர்கள் அல்லவா... அந்தப் பழக்கம் விடவில்லை. பரீட்சைதான் இல்லை. அதற்குப் பதில் வாட்ஸ்அப் குரூப் இருக்கிறது.

சுதா இதில் எதிலும் கலந்துகொள்ளவில்லை. அவளும் வேலைக்குப் போகிறவள். சாயங்காலம் வந்ததும் லேப்டாப்பை ஒரு பக்கம் வைத்துவிட்டு, மறுபக்கம் மாவு பிசைவாள். நான் சும்மா இருக்க முடியாதவன். பீன்ஸ் நறுக்குவேன், பாத்திரம் தேய்ப்பேன். ஒருநாள் அப்படி நறுக்கிக்கொண்டிருந்தபோது ஹாலிலிருந்து சேகர் குரல் கொடுத்தான்.

"சுதா, நேத்து சப்பாத்தி கொஞ்சம் தடியா போச்சு. பேப்பர் மாதிரி இருக்கணும்மா!"

சுதா கட்டையை இன்னும் கொஞ்சம் அழுத்தினாள். பிறகு மெதுவாக என்னிடம் கேட்டாள்.

"அண்ணா, நீங்க வெனிஸ்ல இருந்திருக்கீங்கல்ல? அங்க கேனால் ஓரமா டேபிள் போட்டிருப்பாங்களாமே, நிஜமா?"

"போட்டிருப்பாங்கம்மா."

"நீங்க உக்காந்திருக்கீங்களா?"

நான் சிரித்துவிட்டேன். நான் இருந்தது வெனிஸே இல்லை. பாலத்துக்கு இந்தப் பக்கம், மெஸ்த்ரே என்கிற ஊர். கப்பலில் ஒப்பந்தம் முடிந்து இறங்கியபோது, அடுத்த கப்பல் வரும்வரை காத்திரு என்றார்கள். காத்திருப்பதற்குச் சம்பளம் கிடையாது. ஒரு வங்காளதேசத்துக்காரர் ஓட்டலில் பாத்திரம் தேய்த்தேன், மாடியில் படுத்துக்கொண்டேன். லீவு நாள் ஒன்றில் பஸ் பிடித்து வெனிஸுக்குப் போனேன். மழை. ஒரு பாலத்துப் படியில் உட்கார்ந்து ரொட்டியைப் பிரித்தேன். ஒரு போலீஸ்காரர் வந்து, படியில் உட்காரக் கூடாது என்று கையாலேயே சொன்னார். நின்றுகொண்டு தின்றுவிட்டுத் திரும்பிவிட்டேன். அவ்வளவுதான் என் வெனிஸ்.

பெருமைக்காகச் சொல்லவில்லை. ஈர ரொட்டியில் என்ன பெருமை இருக்கிறது?

"உக்காரணும்னா கடையிலதாம்மா உக்காரணும்" என்றேன்.

"எனக்கு அதான் வேணும் அண்ணா. ஒரே ஒரு வேளை. தண்ணி ஓரமா உக்காந்து, யாராவது கொண்டு வந்து வைக்கிறதைச் சாப்பிடணும். சர்ச், ம்யூசியம் எதுவும் பாக்கலைன்னாலும் பரவாயில்ல."

சப்பாத்தியைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தாள். பேப்பர் மாதிரிதான் இருந்தது.

"பாரிஸ்ல நான் என்ன பாத்தேன் தெரியுமா? ஓட்டல் பாத்ரூம் டைல்ஸ். அங்கதான் குக்கரை வச்சிருந்தோம். ரூம்ல வச்சா ஸ்மோக் அலாரம் அடிச்சிடுமாம். ரசம் கொதிக்கிற வரைக்கும் நான் அங்க காவல். இவரும் மாயாவும் டவர் பாத்துட்டு, பசியோட வந்தாங்க."

சொல்லும்போது சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அந்தச் சனிக்கிழமை மத்தியானம்தான் இந்த வீட்டில் ஃபைனல் ரிவ்யூ நடந்தது. ஆமாம், அதுதான் பெயர். திங்கட்கிழமை விமானம். சான் ரமோனிலிருந்து முரளி வந்திருந்தார். சேகரின் ஆபீஸ் நண்பர், ஐரோப்பாவை முடித்தவர். கையில் ஒரு துணிப்பை. அதிலிருந்து, அம்மன் விக்கிரகத்தை எடுக்கிற பக்குவத்தோடு, ஒரு சின்ன ரைஸ் குக்கரை எடுத்து மேஜையில் வைத்தார்.

இந்தக் குக்கரைப் பற்றிச் சொல்ல வேண்டும். யார் வாங்கியது என்று இப்போது யாருக்கும் தெரியாது. இந்த வட்டாரத்தில் பத்துப் பன்னிரண்டு குடும்பங்களுக்கு இது பொது. யாருக்கு டூரோ அவர் வீட்டுக்குப் போகும். வந்ததும் அடுத்தவர் வீட்டுக்குப் போகும். ஒரு காலத்தில் வெள்ளையாக இருந்திருக்கிறது. இப்போது டீ நிறம். கைப்பிடியில் விமான நிலையத்தில் ஒட்டுகிற காகிதங்கள் கிழிந்தும் கிழியாமலும் தொங்குகின்றன. அமெரிக்கக் கரண்டுக்குச் செய்த குக்கர் ஐரோப்பாவில் வெந்து போய்விடும் என்பதால், கூடவே செங்கல் கனத்தில் ஒரு கன்வெர்ட்டர். அதுவும் ஊர் ஊராகப் போகிறது.

"இது பாரிஸ் பாத்தாச்சு, ஸ்விஸ் பாத்தாச்சு, ஐஸ்லாந்து பாத்தாச்சு" என்றார் முரளி. "ராசியான குக்கர் பாஸ்."

எனக்கென்னவோ, அந்த ஊர்களையெல்லாம் குக்கர்தான் பார்த்தது என்று தோன்றியது. மனிதர்கள் அதற்குத் துணைக்குப் போனவர்கள்.

சுவர் டிவியில் வெனிஸ் வரைபடம். முரளி கையில் ரிமோட்.

"டே ஒன். காலைல ஒன்பது, சான் மார்க்கோ. பெரிய சர்ச், நிறைய புறா. அரை மணி போதும். அடுத்து ரியால்ட்டோ பாலம், இருபது நிமிஷம்."

"பாலத்துல இருபது நிமிஷம் என்ன பண்றது?" என்றான் சேகர்.

"கரெக்ட். பதினஞ்சு."

திருத்திக்கொண்டார்கள். நானூறு வருஷமாக நிற்கிற பாலத்துக்கு ஐந்து நிமிஷம் போயிற்று.

"பன்னெண்டரைக்கு பஸ் புடிச்சு மெஸ்த்ரே அப்பார்ட்மென்ட்டுக்கு வந்துடுங்க. கிச்சன் இருக்கு, குக்கர் இருக்கு. சூடா சாம்பார் சாதம், அப்பளம், ஒரு குட்டித் தூக்கம். மூணு மணிக்கு மறுபடி வெனிஸ். டெய்லி இதே பேட்டர்ன். நாங்க பாரிஸ்ல அப்படித்தான் பண்ணோம், சூப்பரா வொர்க் ஆச்சு."

சோபாவில் படுத்திருந்த மாயா போனிலிருந்து தலையைத் தூக்கினாள். பதினாலு வயது.

"வெயிட்... வீ லீவ் வெனிஸ் டு ஈட் ரைஸ்?"

"மாயா, தமிழ்ல பேசு."

"அப்பா, இது... இன்சேன்."

சுதா டீக் கோப்பைகளோடு வந்தாள். கோப்பையை வைத்துக்கொண்டே, யாரையும் பார்க்காமல் சொன்னாள்: "ஒரு வேளையாச்சும் வெளில சாப்பிடலாமே?"

"பீட்ஸாவா?" சேகர் பதறிவிட்டான். "மூணு நாளா? வயிறு என்னத்துக்கு ஆகும்?"

"ஒரு வேளைன்னுதான் சொன்னேன்."

"அங்க சீஸ்ல கன்னுக்குட்டி வயித்துலேர்ந்து எடுத்து என்னத்தையோ கலக்கறாங்க சிஸ்டர்" என்றார் முரளி.

இந்த வீட்டில் ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் பீட்ஸா வருகிறது. பெட்டியோடு வருகிறது, பெட்டி மட்டும் மிஞ்சுகிறது. எந்தக் கன்றுக்குட்டியும் இதுவரை யார் கனவிலும் வந்ததில்லை. பீட்ஸா பிறந்த நாட்டுக்குப் போகும்போது மட்டும் வயிறு ஆசாரமாகிவிடுகிறது!

"நீயே லைட்டா எதாவது பண்ணிடும்மா" என்றான் சேகர். "உனக்கென்ன, பத்து நிமிஷ வேலை."

சுதா மேஜையில் இருந்த குக்கரைப் பார்த்தாள். முரளிக்கு அது சங்கடமாக இருந்திருக்க வேண்டும். என் பக்கம் திரும்பினார்.

"சார், நீங்க அங்க இருந்திருக்கீங்களாமே. மஸ்ட் சீ என்ன சொல்லுங்க?"

வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். இருக்க முடிந்திருந்தால் நான் பத்தாம் வகுப்புக்கே போயிருப்பேனே.

"நான் பாத்தது மெஸ்த்ரேல ஒரு சிங்க் சார். சுதா பாக்கப் போறது மெஸ்த்ரேல ஒரு குக்கர். ஒரே வித்தியாசம்தான். எனக்கு அங்க சம்பளம் குடுத்தாங்க."

மாயா சத்தமாகச் சிரித்தாள். அவள் சிரிக்காமல் இருந்திருந்தால் ஒருவேளை தப்பித்திருப்பேன்.

சேகருக்கு முகம் சிவந்துவிட்டது. "உனக்கு என்னடா தெரியும்? வீடு இருக்கா, குடும்பம் இருக்கா? பிளாட்பாரத்துல படுத்து எந்திரிச்சவன் நீ. பொண்டாட்டி புள்ளையக் கூட்டிட்டு தெரியாத ஊருக்குப் போறவன் கவலை உனக்குத் தெரியுமா?"

அவன் சொன்னதில் பொய் இல்லை. எனக்கு வீடில்லை, குடும்பமில்லை. பிளாட்பாரம் உண்மை. பசியோடு ஒரு ஊருக்குள் போவது ஒன்றும் உயர்ந்த விஷயம் இல்லை, அனுபவித்தவன் சொல்கிறேன். பிள்ளைக்குப் பசிக்குமே என்று ஒருவன் பயப்பட்டால் அதை நான் கேலி செய்ய மாட்டேன்.

ஆனால் இது பயமா? சாப்பாட்டுக் கடை வாசலுக்கு வாசல் இருக்கிற ஊர். கையில் கார்டு இருக்கிறது. உலகத்தின் எந்த மூலைக்குப் போனாலும் ஹாலில் உட்கார்ந்தபடி "சுதா!" என்று கூப்பிட்டால் தட்டு வர வேண்டும். வீட்டை அப்படியே மடித்துப் பெட்டியில் வைத்து எடுத்துப் போகிறார்கள். வீட்டில் சமைக்கிற ஆளையும் சேர்த்து. இதற்குப் பெயர் டூர். குடித்தனத்தை மாற்றிக்கொண்டு போகிறவன்கூட இதைவிடக் குறைவாகத்தான் மூட்டை கட்டுவான்.

நான் போய்ப் பைகளை எடுத்துக்கொண்டேன். அதிக நேரம் ஆகவில்லை; என்னிடம் மடிப்பதற்கு அதிகம் கிடையாது. சேகர் வாசல்வரை வந்தான். கோபம் அதற்குள் பாதி வடிந்துவிட்டது.

"எங்கடா போற? ஏதோ வேகத்துல சொல்லிட்டேன். இருடா."

"கோவம் இல்லடா. ஒருத்தர் வீட்டுச் சோத்தைத் தின்னுட்டு அந்த வீட்டுச் சமையலைப் பத்திப் பேசிட்டேன். இனிமே இருக்கக் கூடாது."

"கார்ல கொண்டு விடறேன்."

"வேணாம். நடக்கறேன்."

உள்ளே சிங்கில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. சுதா குக்கரைக் கழுவிக்கொண்டிருந்தாள், திரும்பிப் பார்க்கவில்லை. பாத்திரம் தேய்த்தவனுக்கு அந்தச் சத்தம் தெரியும். கழுவியதையே திரும்பத் திரும்பக் கழுவுகிற சத்தம் அது.

இவ்வளவையும் வேன்கார அம்மா கேட்டுக்கொண்டே ஓட்டினார். நடுவில் ஒரு வீட்டில் நிறுத்தி ரசத்தையும் டிரேயையும் இறக்கிக் கொடுத்தோம். திரும்ப ஏறியதும்தான் பேசினார்.

"சேகர் தம்பி வீடுதானே? தீபாவளி முறுக்கு நம்மகிட்டதான் அந்தப் பொண்ணு வாங்கும். வீட்டுல சுட்டதுன்னு சொல்லித்தான் தட்டுல வைக்குமாம். என்கிட்டயே சொல்லிச்சு!"

அவர் பெயர் வசந்தா. ஊரில் பாதிப் பேருக்கு அவர் சாப்பாடுதான். பாதிப் பேர் அதை வெளியே சொல்வதில்லை.

ரயில் ஸ்டேஷன் வந்தது. வேனை நிறுத்திவிட்டுக் கேட்டார்: "சப்பாத்தி இடத் தெரியுங்களாண்ணா?"

"கப்பல்ல அதுதாம்மா வேலை."

"இட்டுட்டிருந்தவர் மகன் குடும்பத்தோட டெக்சாஸ் போயிட்டாரு. ஆள் இல்லாம தவிக்கிறேன். கிச்சன் பின்னாடி ரூம் இருக்கு, கட்டில் இருக்கு. நாளைக்குக் காலைல நின்னுடறீங்களா?"

ரயில் வந்தால் தெரியும் என்றிருந்தேன். வேன் வந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை. பெரிய மர மேஜை, மாவு, கட்டை. எதிரே வசந்தா பிசைந்துகொண்டிருந்தார். அலமாரியில் இருந்த போன் அடித்தது. முழங்கையால் தட்டி ஸ்பீக்கரில் போட்டார்.

"வசந்தாக்கா, நான் சுதா பேசறேன்."

என் கை நின்றது. வசந்தா என்னைப் பார்த்து, வாயில் விரல் வைக்க முடியாமல் கண்ணால் காட்டினார்.

"சொல்லு சுதா. கையெல்லாம் மாவு, ஸ்பீக்கர்ல இருக்கே."

"நாளைக்கு ஃபிளைட்டுக்கா. வெனிஸ்ல மூணு நாளைக்குச் சப்பாத்தி, புளிக்காய்ச்சல், தக்காளித் தொக்கு வேணும். சாயங்காலம் வந்து வாங்கிக்கறேன்."

"அப்ப நெய் வேணாம், எண்ணெயிலயே சுட்டுடறேன். ஏர்போர்ட்டுல நெய், பாலுன்னா புடிப்பாங்க. மூணு பேருக்குத்தானே?"

"ரெண்டு பேருக்கு."

"ஏன், பாப்பா வரலியா?"

"வர்றா. நான்தான் சாப்பிடப் போறதில்ல." ஒரு மூச்சு விட்டாள். "நான் கேனால் ஓரமா ஒரு கடையில உக்காந்துக்குவேன். இவர்கிட்ட காலைலயே சொல்லிட்டேன். குக்கரை இன்னிக்கே முரளி வீட்டுக்குத் திருப்பி அனுப்பறேன்."

"தம்பி என்ன சொல்லுச்சு?"

"இன்னும் டிவியில மேப் பாத்துட்டிருக்கார்."

போனுக்குள் எங்கிருந்தோ மாயாவின் குரல் ஓடிவந்தது. "அம்மா! ஐம் ஈட்டிங் வித் யூ! டெல் தெம்!"

பிறகு சுதா, சிரிப்பை அடக்கிக்கொண்டு:

"அக்கா... ஒரு ஆளுக்குப் போதும்."

"சரிம்மா. சேகர் தம்பிக்குச் சப்பாத்தி எப்படி இருக்கணும்?"

"பேப்பர் மாதிரி."

போன் அணைந்தது. வசந்தா ஒரு பெரிய மாவு உருண்டையை என் பக்கம் தள்ளினார். "இது உங்க ஆர்டருங்கண்ணா. கேட்டீங்கல்ல? பேப்பர் மாதிரி."

"கேட்டேம்மா" என்றேன்.

ஒவ்வொன்றையும் நன்றாகத் தடியாகவே இட்டேன்.